அம்மாவின் பெருவிரல் மெஷினில் விழவில்லை: எறா (இறால்) உரிக்கிறவர் மீன்பிடித் தொழிலில் சேர்த்தியா, இல்லையா?

பகுதி: வேலை, சம்பளம், கவுண்டர் அலைச்சல்

லயத்துமகள் | செவ்வாய், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று காலை அம்மாவை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். ஐசியை, அதாவது அடையாள அட்டையைச் செருகிப் பெருவிரலை வைக்கச் சொன்னார்கள். வைத்தார், சிவப்பு விளக்கு. சேலையில் துடைத்துவிட்டு வைத்தார், சிவப்பு. இடது கை, மறுபடி வலது கை. கடைசியில் கவுண்டர் பெண் அம்மாவின் விரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ரேகை இருந்தால்தானே விழும்! நுனி எல்லாம் வழவழவென்று, ஊறின பாதாம்பருப்புத் தோல் உரித்த மாதிரி இருக்கிறது. “ஆன்ட்டிக்கு என்ன வேலை?” என்று கேட்டாள். அம்மா வாயால் சொல்லவில்லை, இரண்டு கையையும் தூக்கி எறா உரிக்கிற மாதிரி காட்டினார். அந்தப் பெண் சிரித்துவிட்டு, பாரத்தில் வேலை என்ற இடத்தில் ‘சூரி ரூமா’ என்று எழுதினாள். இல்லத்தரசி. நானும் சும்மா இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது.

அம்மாவுக்கு 57 வயது. மலேசியாவில் ஊத்தான் மெலிந்தாங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் 16 வருஷம் வெளிக்காட்டு வேலை. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டு டவுனுக்கு வந்தோம். அன்றிலிருந்து ஆற்றோரம் ஒரு கொட்டகையில் எறா உரிக்கிறார், 19 வருஷமாக. கிலோவுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்) 20 காசு. நல்ல நாளில் 25 கிலோ, அதாவது 30 வெள்ளி. மாதத்தில் 20 நாள் எறா வந்தால் 600 வெள்ளி. வராத நாளில் ஒன்றுமில்லை.

நான் கேட்பது மூன்று. ரேகைக்கு என்ன வழி? அம்மாவுக்கு மீனவர் கார்டு கிடைக்குமா? 19 வருஷம் கையில் எறா வாடையோடு இருக்கிறவர் மீன்பிடித் தொழிலில் சேர்த்தியா, இல்லையா? மூன்றாவதற்குப் பதில் தெரிந்தால் முதல் இரண்டும் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

மீன்லோரி_அண்ணன் | செவ்வாய், இரவு 10.15

தங்கச்சி, நான் முப்பது வருஷமாக மீன் லோரி ஓட்டுகிறேன், ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து செலாயாங் மொத்தச் சந்தை வரை. என் வாழ்நாளில் கடலுக்குள் போனது பங்கோருக்கு ஃபெர்ரி ஏறினபோது மட்டும்தான், அதிலும் வாந்தி எடுத்தேன். ஆனாலும் ஊரே என்னை மீன்காரன் என்றுதான் கூப்பிடுகிறது. அப்புறம் உங்கள் அம்மா எப்படி இல்லத்தரசி ஆவார்?

பெர்ணம்கரை | செவ்வாய், இரவு 11.02

ரேகைக்கு முதலில் சொல்கிறேன், நான் கிளினிக்கில் வேலை செய்கிறவள். எறாவின் தலையிலும் வயிற்றிலும் இருக்கிற செரிமான நொதி மனிதத் தோலையும் அரிக்கும். ஐஸ் தண்ணீரில் மணிக்கணக்கில் ஊறிப் போன விரலில் அது இன்னும் சுலபமாக வேலை காட்டும். கூடவே ஓட்டின் முள் கீறல். அதனால் மேல்தோலில் இருக்கிற ரேகை தேய்ந்துவிடுகிறது. பயப்பட வேண்டாம், அடித்தோலில் அந்த வரி அப்படியே இருக்கும். ஓரிரு மாதம் கையை ஓய்வாக விட்டால் பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். இராத்திரி வாஸ்லின் தடவிப் பருத்தி உறை போட்டுத் தூங்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. அம்மாவுக்கு வேலை நேரத்தில் மட்டும் இருமல், மூச்சு இரைப்பு உண்டா? எறா தலை கறுத்துப் போகாமல் இருக்க ஒரு வெள்ளைப் பொடி போடுவார்கள். சோடியம் மெட்டாபைசல்பைட். தண்ணீரில் கரைக்கும்போது கந்தக வாயு கிளம்பும். ஆஸ்துமா இருக்கிறவர்களுக்கு அது ஆகவே ஆகாது. பொடி இல்லாவிட்டாலும், எறா கழுவும்போது தெறிக்கிற நீர்த்திவலையை வருஷக்கணக்கில் சுவாசித்தே மூச்சு இரைப்பு வந்தவர்கள் உண்டு. வேலையால் வருகிற தோல் நோய், மூச்சு நோய் இரண்டும் தொழிலாளர் காப்புறுதி நிறுவனமான சொக்சோவின் தொழில் நோய்ப் பட்டியலுக்குள் வரும். ஆனால் சொக்சோவில் பெயர் இருந்தால்தான்.

லயத்துமகள் | புதன், காலை 6.20

இருமல் உண்டு, அக்கா. பனி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பல நாள் விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து போகிறவருக்குப் பனியைத் தவிர வேறு எதைச் சொல்வது?

நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் இருந்தவரை பெயர் கூப்பிடுகிற பெரட்டு என்றால் பெரட்டுதான், விடிகாலையில் எல்லாருக்கும் ஒரே நேரம். கொட்டகையில் அப்படி இல்லை. தண்ணீர் ஏறினால்தான் போட் ஆற்றுக்குள் வரும், போட் வந்தால்தான் எறா. அந்த ஏற்றம் தினமும் ஐம்பது நிமிஷம் போலத் தள்ளிப் போகும். அம்மா சமையலறையில் தொங்குகிற தினசரிக் காலண்டரைப் பார்த்துக் கணக்குப் போடுவார். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தண்ணீர் பெரிசாக வரும், அஷ்டமி நவமிக்கு மந்தம். மற்ற வீட்டில் ராகுகாலம் பார்க்கிற காலண்டரில் எங்கள் வீட்டில் சம்பளம் பார்ப்போம்.

இன்று ஏற்றம் மத்தியானம். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுத முடிகிறது, அம்மா இன்னும் தூங்குகிறார்.

சும்மாபார்த்தேன் | புதன், காலை 8.05

கரையில் வேலை செய்கிறவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் மீனவர் என்றால் கடலுக்குப் போகிறவர். புயலில் செத்துப் பிழைக்கிறவர். எறா உரிப்பதும் அதுவும் ஒன்றா? கடலில் பெண்களுக்கு வேலை இல்லை என்பதற்கும் காரணம் உண்டு. பெண் ஏறின போட்டில் மீன் விழாது என்று என் தாத்தா சொல்வார்.

நண்டுக்காரி41 | புதன், காலை 10.30

தம்பி, உங்கள் தாத்தா இருந்தால் என் போட்டுக்கு அனுப்பி வையுங்கள். நேற்று 11 கிலோ நண்டு விழுந்தது, பெண் ஏறின போட்டில்.

என் கதை இது. ஐந்து வருஷத்துக்கு முன்பு வீட்டுக்காரருக்கு இருதயத்தில் குழாய் வைத்தார்கள். எடை தூக்கக் கூடாது. ஒரு மாதம் அழுதோம், அப்புறம் நான் இஞ்சின் கயிற்றை இழுக்கப் பழகினேன். சின்ன ஃபைபர் போட், ஆற்று முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் வெளியே வலை போடுவோம். அவர் பின்னால் உட்கார்ந்து சுக்கான் பிடிப்பார், வலை இழுப்பது நான். விடிகாலை நாலரைக்குக் கிளம்புவோம்.

எல்லாரும் நினைப்பது வலை இழுப்பதுதான் கஷ்டம் என்று. அது ஒரு மணி நேர வேலை. கரைக்கு வந்து சிக்கின நண்டை எடுப்பது மூன்று மணி நேரம். நண்டு உயிரோடு இருக்கும், வலையைக் கொடுக்கால் இறுக்கிப் பிடித்திருக்கும். பின்பக்கமாக ஓட்டைப் பிடித்து, கடைசிக் காலில் சுற்றின நூலை முதலில் தளர்த்தி, அப்புறம் ஒவ்வொரு காலாக. அவசரப்பட்டு இழுத்தால் கால் ஒடியும், கால் ஒடிந்தால் விலை பாதி. எங்கள் ஜெட்டியில் இந்த வேலை முழுக்கப் பெண்கள்தான், சீனத்தி, மலாய்க்காரி, நம்ம ஆள் எல்லாரும். கடலுக்குப் போகாத அந்தக் கைகள் இல்லாவிட்டால் கடலுக்குப் போன வலை மறுநாள் போகாது. இது தொழிலா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள்.

கடலில் எனக்குள்ள கஷ்டம் புயல் இல்லை, தம்பி. ஒண்ணுக்குப் போவது. ஆண்கள் போட் ஓரத்தில் நின்று முடித்துவிடுவார்கள். நான் முந்தின இரவிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் போய், போன வருஷம் மூத்திரத்தில் கல் வந்து படுத்தேன். இப்போது ஒரு வாளியும் ஒரு கைலியும் போட்டில் இருக்கிறது. வெட்கமாகத்தான் இருந்தது, எழுதிவிட்டேன்.

லயத்துமகள், கார்டு விஷயம்: எனக்கு என் பெயரில் மீனவர் கார்டு உண்டு. மூன்று தடவை நடந்தேன். முதல் இரண்டு தடவையும் கவுண்டரில் “சுவாமி மானா?” என்று கேட்டார்கள். வீட்டுக்காரர் எங்கே என்று! மூன்றாவது தடவை போட் படம், வலையோடு நான் நிற்கிற படம், நண்டு விற்ற ரசீது எல்லாம் கொண்டு போய் மேசையில் பரப்பினேன். பெண்ணுக்குக் கொடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை, கேட்பார் இல்லாததுதான் குறை. கார்டு வந்த பிறகு மாதப்படி 300 வெள்ளி வருகிறது. ஆனால் இது கடலுக்குப் போகிறவருக்கு. கொட்டகைக்குள் இருக்கிறவருக்குக் கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன்.

சட்டம்பேசுவோம் | புதன், மதியம் 1.10

அக்கா சொல்வது சரி. அம்மாவுக்கு மீனவர் கார்டு கிடைக்காது, அதைத் துரத்தவும் வேண்டாம். அம்மா கேட்க வேண்டியது மீனவர் உரிமை அல்ல, தொழிலாளி உரிமை. அது இதைவிடக் கனமானது.

2022இல் திருத்தி 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத்தில் 101சி என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், வேலையை யார் கட்டுப்படுத்துகிறார், நேரத்தை யார் முடிவு செய்கிறார், சாமான் யாருடையது, அந்த வேலை வியாபாரத்தின் முக்கியப் பகுதியா என்று பார்த்து, அவர் தொழிலாளி என்றே எடுத்துக்கொள்ளலாம். இல்லை என்று நிரூபிப்பது முதலாளியின் பாடு. மேசை கொட்டகை முதலாளியான தவுக்கேயுடையது, பேசின் தவுக்கேயுடையது, எறா தவுக்கேயுடையது, வரச் சொல்வதும் அவர். வேறென்ன வேண்டும்?

கிலோக் கணக்குக் கூலிக்காரருக்கும் குறைந்தபட்சச் சம்பளம் உண்டு. மாத வருமானம் அந்தத் தொகைக்குக் கீழே போகக் கூடாது. இப்போது 1,700 வெள்ளி. 2025 பிப்ரவரி 1இல் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடங்களுக்கும், ஆகஸ்ட் 1 முதல் சின்ன இடங்களுக்கும் வந்துவிட்டது. 26 நாளுக்கு வகுத்தால் நாளைக்கு 65 வெள்ளி 38 காசு. அம்மாவின் நல்ல நாளே 30.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பழைய சட்டப்படி தொழிற்சாலை மாதிரியான இடங்களிலும் விவசாயத்திலும் இரவு 10 முதல் காலை 5 வரை பெண்களை வேலை வாங்க வேண்டுமானால் இலாகாவின் அனுமதி வேண்டும். 2023இல் அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள். அம்மா 19 வருஷமாகப் பல நாள் மூன்று மணிக்குப் போகிறார். தடை இருந்த காலத்திலும் அவரை யாரும் தடுக்கவில்லை, எடுத்தபோதும் யாரும் வந்து சொல்லவில்லை.

பழையகிராணி | புதன், மாலை 5.45

நான் எதிர்ப்பக்கத்து ஆள், கல்லெறியாமல் படியுங்கள். ஆறு வருஷம் சொந்தமாக ஒரு சின்ன எறா கொட்டகை நடத்தினேன், எட்டுப் பெண்கள். அதற்கு முன்பு வேறொரு தவுக்கேயிடம் கணக்கு எழுதுகிற கிராணி. இரண்டு பக்கமும் தெரியும்.

தம்பி கணக்கு காகிதத்தில் சரி. ஆனால் எறா மாதச் சம்பளக்காரன் மாதிரி வராது. பத்து நாள் மலை மாதிரி குவியும், பத்து நாள் ஐஸ் காசுகூட வராது. போட்டுக்காரனுக்கு எண்ணெய் மானியம் லிட்டர் 1 வெள்ளி 65 காசு. எனக்கு மின்சாரத்துக்கோ ஐசுக்கோ மானியம் இல்லை. மொத்த வியாபாரி விலை சொல்வான், நான் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். எட்டுப் பேருக்கு 1,700 என்றால் 13,600. அந்தத் தொகையை எந்த மாதத்திலும் நான் லாபமாகப் பார்த்ததில்லை. மூடிவிட்டேன். மூடின அன்று அந்த எட்டுப் பேரும் எனக்கு நன்றி சொல்லவில்லை.

இன்னொரு உண்மை. பெயர் எழுத வேண்டாம் என்று சில பெண்களே சொல்வார்கள். வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் காசைக் கேட்பார், அரசாங்க உதவித்தொகை நின்றுவிடும் என்ற பயம். அதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

லயத்துமகள் | புதன், இரவு 9.15

ஐயா, கல்லெறிய மாட்டேன். பெயர் எழுத வேண்டாம் என்று அம்மாவே ஒரு காலத்தில் சொன்னவர்தான். அப்பா இருந்தார் அப்போது. காரணம் உங்களுக்குப் புரியும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். தோட்டத்திலும் மழை நாளில் வேலை இல்லை, கித்தா (ரப்பர்) விலை விழுந்த வருஷங்களும் உண்டு. ஆனாலும் அம்மாவின் பெயர் செக்ரோல் என்கிற பெயர்ப் பதிவேட்டில் இருந்தது. இபிஎப் (சேமநிதி) பிடித்தார்கள். தோட்டத்தை விட்டு வந்தபோது கையில் கொஞ்சம் காசும் ஒரு காகிதமும் இருந்தது. கங்காணி திட்டுவார், கிராணி கணக்கில் கை வைப்பார், எல்லாம் இருந்தது, நான் அந்தக் காலத்தைப் புகழவில்லை. ஆனால் சண்டை போட ஒரு சங்கம் இருந்தது, சண்டையில் காட்ட ஒரு பெயர் இருந்தது. கொட்டகையில் அம்மாவுக்குப் பெயரே கிடையாது. பேசின் நம்பர் 14. எடை போடுகிற பையன் “14, ஆறு கிலோ இருநூறு” என்று கத்துவான், சுண்ணாம்புக்கட்டியில் பலகையில் எழுதுவார்கள், சாயங்காலம் காசு கொடுத்ததும் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவார்கள். 19 வருஷக் கணக்கு அப்படியே ஆற்றோடு போய்விட்டது.

மீன்லோரி_அண்ணன் | புதன், இரவு 9.50

அந்தப் பலகையை நான் பார்த்திருக்கிறேன். பெயர் இருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. வெட்கமாக இருக்கிறது.

உலகம்சுற்றும்வாசகன் | வியாழன், காலை 7.30

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். இது ஊத்தான் மெலிந்தாங் பிரச்சினை மட்டுமல்ல. ஐநாவின் உணவு, விவசாய அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, மீன்பிடிப்பிலும் மீன் வளர்ப்பிலும் நேரடியாக இருப்பவர்களில் பெண்கள் 24 விழுக்காடு. பதப்படுத்தும் வேலையில் 62 விழுக்காடு. கரைக்கு வந்த பிறகு மீன் பெரும்பாலும் பெண்கள் கையில்தான்.

அதே சமயம், மீன்பிடித் தொழிலாளருக்கான அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 188ஆம் எண் உடன்படிக்கை, 2007இல் நிறைவேறி 2017இல் நடப்புக்கு வந்தது, மீனவர் என்றால் படகில் வேலை செய்பவர் என்றே வரையறுக்கிறது. சும்மாபார்த்தேன் தம்பியின் பக்கம்! ஆனால் 2014இல் சிறுதொழில் மீன்பிடிப்புக்கு வந்த வழிகாட்டி நெறிகள் வேறு மாதிரி. வலை பின்னுவது முதல் மீன் விற்பது வரை, ஆண் செய்தாலும் பெண் செய்தாலும், எல்லாமே மீன்பிடிப்பு என்கின்றன. ஆனால் அவற்றுக்குச் சட்டக் கட்டாயம் இல்லை.

கடலுக்குப் போன பெண்களும் புதிதல்ல. கேரளாவில் திருச்சூர் மாவட்டம் சேட்டுவாவைச் சேர்ந்த கே.சி. ரேகா கணவரோடு ஆழ்கடலுக்குப் போகிறவர், உரிமமும் பெற்றவர். கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 2017இல் அவரைக் கௌரவித்தது. தென்கொரியாவின் ஜேஜு தீவில் மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி எடுக்கும் பெண்களின் மரபை யுனெஸ்கோ 2016இல் பட்டியலில் சேர்த்தது. ஐஸ்லாந்தில் 1777இல் பிறந்த தூரிதுர் எய்னார்ஸ்டோத்திர் என்ற பெண் படகுத் தலைவியாகவே இருந்தார், ஆண்கள் அவர் சொல்கேட்டுத் துடுப்புப் போட்டார்கள். பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கிற பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையிடுக்கில் மூழ்குகிறார்கள்.

நண்டுக்காரி41 | வியாழன், காலை 8.10

அண்ணே, அருமை. நீங்கள் ஐஸ்லாந்து வரை போய்விட்டீர்கள். அந்த அம்மா வாளி வைத்திருந்தாரா என்று மட்டும் எழுதியிருக்கலாம்.

ரேகா படத்தை வீட்டுக்காரரிடம் காட்டினேன். “இஞ்சின் நம்மதைவிடப் பெரிசு” என்றார். அவருக்கு அதுதான் தெரிகிறது.

தமிழாசிரியர்_ஓய்வு | வியாழன், காலை 11.20

ஐஸ்லாந்து எதற்கு, நம் நெய்தல் நிலத்துப் பாட்டிலேயே இருக்கிறது. உலர வைத்த சுறாத் துண்டைப் பறவை கொத்தாமல் காவல் காக்கிறாள் பரதவர் பெண். தேரில் வந்த பணக்காரன் காதல் பேசுகிறான். எங்கள் மேல் புலால் நாற்றம் வீசும், தள்ளி நில் என்று பதில் வருகிறது. வகுப்பில் நடத்தும்போது மாணவர்கள் சிரிப்பார்கள். ஒரு வருஷம் பின்வரிசையில் ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய அம்மா மீன் கொட்டகையில் வேலை செய்கிறவர் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். பஸ்ஸில் யாரும் அவள் பக்கத்தில் உட்கார மாட்டார்களாம். அன்றிலிருந்து அந்தப் பாட்டை நடத்தும் விதத்தை மாற்றிக்கொண்டேன்.

லயத்துமகள் | வியாழன், மதியம் 12.40

ஐயா, அந்தப் பெண் நான் இல்லை, ஆனால் நானாகவும் இருந்திருக்கலாம். அம்மா எலுமிச்சைத் தோலும் காப்பித் தூளும் போட்டுக் கை கழுவுவார். இன்றும் எங்கள் வீட்டில் காப்பித் தூள் சீக்கிரம் தீர்ந்துவிடும், குடிப்பதற்கு அல்ல.

பங்கோர்பையன் | வியாழன், இரவு 8.00

எங்கள் தீவில் நெத்திலிதான் எல்லாம். போட்டிலேயே உப்புத் தண்ணீரில் அவித்துவிடுவார்கள், கரையில் தட்டில் பரப்பிக் காயவைப்பார்கள். தலை கிள்ளி, குடல் எடுத்து, ரகம் பிரிப்பது பெண்கள். என் அத்தை கண்ணை மூடிக்கொண்டு ரகம் பிரிப்பார், விரலிலேயே அளவு தெரியும். மாசிமகத்துக்குக் கடலைப் பார்த்திருக்கிற பத்திரகாளியம்மனுக்குப் பால்குடம் எடுக்கிற கூட்டத்தில் பாதிப் பேர் இப்படி வேலை செய்கிறவர்கள்தான். கடலில் மீன் விழுவதும் விழாததும் அம்மன் கையில் என்பார்கள். பெண் ஏறினால் மீன் விழாது என்கிறவர்கள் அதே அம்மனிடம்தான் வந்து கும்பிடுகிறார்கள்.

ஊர்க்காரன்_நேர்மை | வியாழன், இரவு 10.30

எல்லாரும் சுற்றிச் சுற்றிப் பேசுகிறீர்கள். கூலி ஏன் ஏறவில்லை? கொட்டகையில் இப்போது பாதிப் பேர் ரொகிங்யா அகதிப் பெண்கள். ஒரு வெள்ளிக்கும் உரிப்பார்கள். அவர்களை அனுப்பினால் தானாக ஏறும்.

பெர்ணம்கரை | வியாழன், இரவு 11.15

அவர்களில் சிலர் கிளினிக்குக்கு வருகிறார்கள். அதே கை, அதே இருமல். மலேசியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. ஐநா அட்டை கையில் இருந்தாலும் சட்டப்படி வேலை செய்ய உரிமை இல்லை. புகார் கொடுக்க முடியாதவள் என்பதால்தான் அவளுக்கு ஒரு வெள்ளி. அவள் வருவதற்கு முன்பு, 14ஆம் நம்பர் அம்மாவுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டுப் பாருங்கள்.

லயத்துமகள் | வெள்ளி, காலை 5.50

கேட்டேன். பத்து வருஷத்துக்கு முன்பு 1 வெள்ளி. அப்போது மேசையில் எல்லாரும் நம்ம ஆட்கள்தான்.

அம்மா பக்கத்து மேசைப் பெண்ணைப் பற்றி ஒன்று சொன்னார். அந்தப் பெண் கைக்குழந்தையை ஐஸ் பெட்டி மூடியில் படுக்க வைத்துவிட்டு உரிக்கிறாளாம். தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்கொட்டகை இருந்தது, இவளுக்கு அதுகூட இல்லையே என்று அம்மாவுக்கு வருத்தம். பழைய சேலை ஒன்றைக் கிழித்துத் தொட்டில் கட்டக் கொடுத்திருக்கிறார்.

சட்டம்பேசுவோம் | வெள்ளி, காலை 9.00

சரி, ஆக வேண்டியதைப் பார்ப்போம். இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தேதி, வந்த நேரம், போன நேரம், கிலோ, கையில் வந்த காசு, எல்லாம் எழுதுங்கள். பலகையைக் கழுவுவதற்கு முன்பு கைபேசியில் ஒரு படம். தொழிலாளர் இலாகாவுக்குப் போகிறீர்களோ இல்லையோ, காகிதம் கையில் இருக்கட்டும்.

வேலை இடத்து விபத்துக்கும் நோய்க்குமான சொக்சோ பாதுகாப்புக்கு 57 வயது தடையில்லை, அது முதலாளி கட்ட வேண்டியது. முதலில் அதைக் கேளுங்கள், அவருக்குச் செலவு குறைவு, சம்மதிக்க வாய்ப்பு அதிகம். இபிஎப் அடுத்தது. இல்லத்தரசிகளுக்கு வருஷம் 120 வெள்ளித் திட்டம் ஒன்று 2022 டிசம்பரில் வந்தது, ஆனால் 55 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு. அம்மாவை இல்லத்தரசி என்று எழுதிய பாரத்தால் அந்தப் பலனும் இல்லை, பாருங்கள். நண்டுக்காரி அக்கா, உங்களுக்கு அது உண்டு. சுயதொழில் செய்கிற மீனவருக்கான சொக்சோ திட்டமும் தனியாக உண்டு.

பழையகிராணி | வெள்ளி, மதியம் 2.30

தங்கச்சி, அந்தக் கொட்டகைக் கிராணி எனக்குத் தெரிந்தவர்போல இருக்கிறது. இடம் சொல்ல வேண்டாம். நான் ஒரு வார்த்தை பேசிப் பார்க்கிறேன். சட்டத்தைக் காட்டிப் பேசினால் தவுக்கே மூடிக்கொள்வார். சொக்சோ மட்டும் என்று ஆரம்பித்தால் கேட்பார். நான் செய்யாததை இன்னொருவரைச் செய்யச் சொல்கிறேன், அதுவும் தெரிகிறது.

சும்மாபார்த்தேன் | வெள்ளி, மாலை 6.00

தாத்தா சொன்னது தப்பாகவே இருக்கட்டும். நண்டுக்காரி அக்கா, வலையிலிருந்து நண்டை எடுக்கிற வீடியோ ஒன்று போடுங்களேன். உண்மையாகவே பார்க்க வேண்டும்.

நண்டுக்காரி41 | வெள்ளி, மாலை 6.20

ஞாயிற்றுக்கிழமை ஜெட்டிக்கு நேரில் வாருங்கள், தம்பி. கையுறை கொண்டு வராதீர்கள், நூல் சிக்கும்.

லயத்துமகள் | ஆறு வாரம் கழித்து, திங்கள், இரவு 10.05

இழையை மேலே கொண்டுவருகிறேன், நிறைய பேர் தனிமடலில் கேட்டிருந்தீர்கள்.

மழைக்காலத்தில் எறா வரத்துக் குறைந்தது, நடுவில் தீபாவளி. எல்லாம் சேர்ந்து அம்மாவுக்கு ஐந்து வாரம் வேலை இல்லை. கையில் காசில்லாமல் திண்டாடினோம் என்பது வேறு கதை. ஆனால் வாஸ்லினும் உறையும் விடாமல் போட்டார். போன புதன்கிழமை அதே அலுவலகத்துக்குப் போனோம். இடது பெருவிரல், இரண்டாவது தடவை, பச்சை விளக்கு. அம்மா விரலை எடுக்கவே மாட்டேன் என்கிறார், “போதும் ஆன்ட்டி” என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. வேலை என்ற இடத்தைத் திருத்தச் சொன்னேன். அந்தப் பெண் பட்டியலைத் தேடிவிட்டு, “உடாங் (எறா) இதில் இல்லை, ஃபேக்டரி என்று போடட்டுமா?” என்றாள். சரி, போடு என்றேன். சூரி ரூமாவைவிட அது தேவலை.

நோட்டுப் புத்தகம் நடக்கிறது. என் கையெழுத்தில் ஆரம்பித்தது, இப்போது அம்மாவே எழுதுகிறார். பக்கத்து மேசைப் பெண்ணுடைய கிலோவையும் பின்பக்கத்தில் எழுதி வைக்கிறார். அவளுக்கு எழுதத் தெரியாதாம்.

இன்று வேலை மறுபடி தொடங்கியது. பழையகிராணி ஐயா பேசினதால் கொட்டகைக் கிராணி மேசை மேசையாக வந்திருக்கிறார். சொக்சோவுக்குப் பெயர் எழுதுகிறார்களாம், எட்டுப் பேருக்கு மட்டும், ஐசி இருக்கிறவர்களுக்கு. இபிஎப் பற்றிக் கேட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறாராம். கூலி அதே 1 வெள்ளி 20 காசுதான். அம்மா மேசைக்கு வந்து, “14, பெயர் சொல்லுங்கள்” என்று கேட்டிருக்கிறார்.

அம்மா எறாவைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாராம்: “ஐசியில் இருக்கிற பெயரா, கூப்பிடுகிற பெயரா?”

மீன்லோரி_அண்ணன் | திங்கள், இரவு 10.20

நாளைக்கு ஏற்றம் எத்தனை மணிக்கு என்று அம்மாவிடம் கேட்டுச் சொல்லு, தங்கச்சி. என் தவுக்கே சொல்கிற நேரம் ஒரு நாளும் சரியாக இருந்ததில்லை.

லயத்துமகள் | திங்கள், இரவு 10.24

மூன்றே முக்கால் என்கிறார், அண்ணே. லோரியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்கிறார், புகை கொட்டகைக்குள் வருகிறதாம்.